சுற்றமும் நட்பும் சூழ ஒரு லாகின்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கைச் சொன்னா, "உனக்கு எப்பதான்யா ஆணி கம்மி?"ன்னு கேப்பீங்க. அதனால இந்தத் தடவை ஆணியைப் பத்தியே ஒரு பதிவு. பொட்டி தட்டாத மக்களும் பயப்படாம படிக்கலாம். கொஞ்சம் டெக்னிக்கல் வரும்தான். ஆனா கல்யாணப் பத்திரிகை படிக்கத் தெரிஞ்சா போதும், புரிஞ்சிடும் :-)

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன். ஆபீஸ்ல ஒருத்தருக்குத் திறக்க வேண்டிய கதவு திறக்கலைன்னா அரை மணி நேரத்துல டிக்கெட் வரும். திறக்கக் கூடாத கதவு திறந்துச்சுன்னா டிக்கெட்டே வராது. யார் வந்து, "எனக்குத் தேவைக்கு மேல அனுமதி குடுத்திருக்கீங்க, குறைங்க"ன்னு கேக்கப் போறா? அதனால நம்மள மாதிரி அட்மின்கள் செய்யற மாற்றம் எல்லாம் ஒரே திசையிலதான் போகுது. கதவு வருஷா வருஷம் அகலமாகிட்டே இருக்கு. நான் அகலப்படுத்தின ஒரு கதவோட கதைதான் இது. அதுக்கான விலையைக் குடுத்தது நான் இல்ல. அதனாலதான் இத்தனை வருஷம் எழுதாம இருந்தேன்.

மொதல்ல விஷயம் என்னன்னு பாத்துடுவோம்.

ஒரு கம்பெனியில நூறு அப்ளிகேஷன் இருக்குன்னு வைங்க. லீவு போட ஒண்ணு, பயணச் செலவு வாங்க ஒண்ணு, சம்பளச் சீட்டு பாக்க ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பேரும் பாஸ்வேர்டும் வச்சா மனுஷன் பைத்தியமாயிடுவான். அதனால எல்லாரோட பேரும் ஒரே டைரக்டரியில இருக்கும். பெரும்பாலான ஆபீஸ்ல அது மைக்ரோசாஃப்டோட ஆக்டிவ் டைரக்டரி. விண்டோஸ் 2000 கூட வந்தது. அதுகிட்ட கேள்வி கேக்கற மொழி எல்டாப். அது இன்னும் பழசு. அதோட முதல் ஆர்எஃப்சி வந்தது 1993ல.

அந்த டைரக்டரியில ஆளுங்க மட்டும் இல்ல, குரூப்பும் இருக்கும். ஆளுக்கு ஆள் அனுமதி குடுக்கறதுக்குப் பதிலா குரூப்புக்குக் குடுப்போம். ஆள் வந்தா குரூப்ல சேரு, போனா குரூப்ல இருந்து எடு. நல்ல ஏற்பாடுதான். குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

இப்ப ஒரு அப்ளிகேஷனுக்குள்ள யார் போகலாம்னு எப்படி முடிவாகுதுன்னு பாருங்க. நிரல் எழுதறவர், "இந்தப் பக்கத்தை ரிவ்யூ பாக்கற ரோல் உள்ளவங்க மட்டும் பாக்கலாம்"னு எழுதுவார். அந்த ரோல்ல யாரெல்லாம்னு அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்ல. நான் அப்ளிகேஷன் சர்வர் அட்மின். "இந்த ரோல்னா டைரக்டரியில இருக்கற இந்தக் குரூப்"னு கோத்து விடுவேன். அந்தக் குரூப்புக்குள்ள யார் யார்னு எனக்குத் தெரியாது. அதைப் பாத்துக்கறது டைரக்டரி டீம். அவங்களுக்கோ, அந்தக் குரூப்பை வச்சு எந்தெந்த அப்ளிகேஷன் கதவு திறக்குதுன்னு தெரியாது. மூணு பேர், மூணு துண்டு. முழுக் கதவையும் பாத்தவன் ஒருத்தனும் கிடையாது.

இதுல இன்னொரு திருப்பம். குரூப்புக்குள்ள ஆளுங்கதான் இருக்கணும்னு இல்ல. இன்னொரு குரூப்பும் இருக்கலாம். அதுக்குள்ள இன்னொண்ணு. அதுக்குள்ள இன்னொண்ணு.

ஒருத்தர் லாகின் பண்ணும்போது சர்வர் டைரக்டரியைக் கேக்கும்: "இவர் எந்தெந்தக் குரூப்ல இருக்கார்?" நேரடியா இருக்கற குரூப் மட்டும் போதுமா, குரூப்புக்குள்ள இருக்கற குரூப்பையும் தோண்டணுமா, எத்தனை படி தோண்டணும்? இதுக்குத்தான் ஒரு செட்டிங்.

கல்யாணப் பத்திரிகையில "சுற்றமும் நட்பும் சூழ" வாங்கன்னு போடுவோம் இல்லையா? அப்படிப் போட்டுட்டா உங்க சுற்றம் மட்டும் இல்ல, சுற்றத்தோட சுற்றம், நட்போட நட்புன்னு யார் வந்தாலும் பந்தியில உக்கார வச்சுத்தான் ஆகணும். கல்யாணத்துக்கு அது அழகு. சம்பள விவரம் இருக்கற அப்ளிகேஷனுக்கு?

சர்வருக்கு சர்வர் இந்தப் பத்திரிகை வேற மாதிரி அச்சாகி வருது. டாம்கேட்ல ஜேஎன்டிஐ ரெல்ம்னு ஒண்ணு இருக்கு. அதுல குரூப்புக்குள்ள குரூப் தேடறது டீபால்ட்டா கிடையாது. வேணும்னா நீங்களேதான் திறந்து விடணும். வெப்ஸ்பியர்ல நேரடி, உள்ளடங்கியது, எல்லாம்னு மூணு தேர்வு. வெப்லாஜிக்ல, நான் அதிகமா மாரடிச்சது இதோடதான், குரூப் மெம்பர்ஷிப் தேடலுக்கு லிமிடெட், அன்லிமிடெட்னு ரெண்டு. லிமிடெட்னா கீழ ஒரு எண் போடணும். 0 போட்டா நேரடி உறுப்பினர் மட்டும். 1 போட்டா ஒரு படி கீழ. 2 போட்டா ரெண்டு படி. நீங்க எதையும் தொடலைன்னா டீபால்ட்டா வர்றது அன்லிமிடெட். சுற்றமும் நட்பும் சூழ!

சரி, கதைக்கு வர்றேன்.

2014. அப்ப நான் வேலை பாத்துட்டு இருந்த கம்பெனியில வருஷாந்திர மதிப்பீட்டுக்குன்னு ஒரு அப்ளிகேஷன். யாருக்கு என்ன ரேட்டிங், எத்தனை சதவீதம் சம்பள உயர்வு, எல்லாம் அதுல. பாக்கற உரிமை ஹெச்ஆர்ல சில பேருக்கு மட்டும். வெப்லாஜிக் சர்வர், பின்னாடி ஆக்டிவ் டைரக்டரி. செட்டிங் லிமிடெட், 1. எனக்கு முன்னாடி இருந்த சீனியர் வச்சிட்டுப் போனது. ஏன் 1னு ஒரு வரி எழுதி வச்சிருந்தார்னா நல்லா இருந்திருக்கும். எழுதல.

குரூப் அமைப்பு இப்படி. ரோலுக்குக் கோத்திருந்தது "ஹெச்ஆர்-ரிவ்யூ". அதுக்குள்ள "ஹெச்ஆர்-சென்னை". அதுக்குள்ள "ஹெச்ஆர்-ஆபரேஷன்ஸ்". அதுக்குள்ள இன்னொரு குரூப், பழைய பர்சனல் ஃபைல்களை ஸ்கேன் பண்ற கான்ட்ராக்ட் பசங்களோட குரூப். அந்தப் பசங்களுக்கு ஒரு பொது ஃபோல்டர் திறக்கணும்னு யாரோ ஒருத்தர், என்னைக்கோ ஒரு நாள், அதைத் தூக்கி ஆபரேஷன்ஸ் குரூப்புக்குள்ள போட்டிருக்கார். ஃபோல்டர் திறந்துச்சு, டிக்கெட்டை மூடிட்டார். அவரையும் குறை சொல்ல மனசு வரல. நானும் அதையேதான் பண்ணினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஹெச்ஆர்ல புதுசா சேர்ந்த ஒரு மேடம் ரிவ்யூ அப்ளிகேஷனுக்குள்ள போக முடியல. அவங்க இருந்தது "ஹெச்ஆர்-ஆபரேஷன்ஸ்"ல. அதாவது ரெண்டாவது படி. செட்டிங் 1ன்னு இருந்தா எப்படித் திறக்கும்? டிக்கெட் வந்துச்சு. அரை மணி கழிச்சு போன் வந்துச்சு. அப்புறம் என் டேமேஜரே நேர்ல வந்து நின்னார். "என்னப்பா, இன்னுமா முடியல? திங்கக்கிழமை ரிவ்யூ ஆரம்பிக்குது."

நான் செய்யக்கூடியது மூணு இருந்துச்சு. மேடத்தை நேரடியா "ஹெச்ஆர்-ரிவ்யூ"ல சேக்கச் சொல்லலாம். அதுக்கு டைரக்டரி டீமுக்கு மெயில் போடணும், அவங்க மேனேஜர் ஒப்புதல் குடுக்கணும், வெள்ளி ராத்திரி யார் இருக்கா? ரெண்டாவது, 1ஐ 2 ஆக்கலாம். மூணாவது, அன்லிமிடெட். நாளைக்கு மூணாவது படியில ஒருத்தர் வந்து நின்னா மறுபடியும் இதே கூத்து எதுக்குன்னு மூணாவதைத் தேர்ந்தெடுத்தேன். ரீஸ்டார்ட் பண்ணினேன். மேடம் உள்ள போயிட்டாங்க. "தாங்க் யூ சோ மச்"னு மெயில் வந்துச்சு. டேமேஜருக்கு சிசி. பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். சந்தோஷமாத்தான் போனேன்.

2 போட்டிருந்தாக்கூடத் தப்பிச்சிருக்கலாம்ங்கறது இன்னைக்கும் உறுத்துது.

ரெண்டு மாசம் கழிச்சு, ரிவ்யூ முடிவைப் பாக்கச் சொல்லி "ஹெச்ஆர்-ஆபரேஷன்ஸ்" குரூப் மெயிலுக்கு ஒரு லிங்க் போச்சு. குரூப்புக்குள்ள இருக்கற குரூப்புக்கும் மெயில் போகும் இல்லையா? போச்சு. ஸ்கேன் பண்ற பசங்கள்ல ஒரு தம்பி, விழுப்புரம் பக்கம், டிகிரி முடிச்சு முதல் வேலை, அந்த லிங்க்கைத் தட்டியிருக்கான். தன்னோட பேர், தன்னோட பாஸ்வேர்டு. உள்ள போயிடுச்சு. ஸ்கிரீன் முழுக்கப் பேரு, ரேட்டிங், சதவீதம்.

அந்தத் தம்பி என்ன பண்ணினான் தெரியுமா? நேரா எழுந்து அவன் டீம் லீடர்கிட்ட போய், "சார், இது எனக்கு வந்திருக்கு. நான் பாக்கலாமா சார்?"னு கேட்டிருக்கான்.

இதுக்கு மேல நேர்மையா ஒருத்தன் எப்படி நடந்துக்கறது?

அடுத்து நடந்தது வேற. டைரக்டரி டீம்ல ஒருத்தர் அவன் பேரைத் தட்டிப் பாத்தார். ஆக்டிவ் டைரக்டரியில ஒருத்தரோட "மெம்பர் ஆஃப்" பக்கத்தைப் பாத்தா, அவர் நேரடியா இருக்கற குரூப் மட்டும்தான் தெரியும். மேல அந்தக் குரூப் எதுக்குள்ள இருக்குன்னு அது காட்டாது. தம்பி பேர்ல ஸ்கேன் குரூப் மட்டும் இருந்துச்சு. "ஹெச்ஆர் குரூப்லயே இல்லையே, எப்படி உள்ள போனான்? யாரோட பாஸ்வேர்டையாவது எடுத்துட்டானோ?" ஒரு சந்தேகம் வாய்விட்டு வந்துடுச்சுன்னா அவ்வளவுதான். செக்யூரிட்டி வந்து ஐடி கார்டை வாங்கிட்டாங்க. ரிசப்ஷன் சோபாவுல உக்கார வச்சாங்க. போனைக் குடுக்கச் சொல்லி கேலரியை ஒவ்வொண்ணாத் தள்ளிப் பாத்தாங்க. நடந்ததை எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. நாலு மணி நேரம். போற வர்றவங்க எல்லாம் அவனைப் பாத்துட்டே போனாங்க. டீ குடிக்கப் போறப்ப நானும் பாத்தேன்.

எனக்கு ஒரு மெயில்: "இந்த ஐடிக்கு லாக் எடுத்து அனுப்பவும்." எடுத்தேன். லாக்ல கோணல் ஒண்ணும் இல்ல. அவன் பேர், அவன் மெஷின், ஒரே முயற்சியில லாகின், அனுமதி உண்டு. சர்வர் அவனைத் தடுக்கவே இல்ல, வாங்க வாங்கன்னு கூப்பிட்டிருக்கு. ஏன்னு பாக்க செட்டிங்கைத் திறந்தேன். அன்லிமிடெட். மாற்றப் பதிவுல என் பேர், அந்த வெள்ளிக்கிழமை தேதி.

வயிறு கலங்கறதுன்னா என்னன்னு அன்னைக்குத் தெரிஞ்சுது.

நான் பதில் போட்டேன்: "இவருடைய சொந்த லாகின்தான். அனுமதி இருந்திருக்கிறது." அதுல பொய் இல்ல. ஆனா அந்த அனுமதி எங்கிருந்து வந்துச்சுன்னு எழுதல. ஒரு வரி. அந்த ஒரு வரியை அன்னைக்கே எழுதியிருந்தா அந்தத் தம்பி சோபாவுல இருந்து எழுந்து போயிருப்பான். நான் அதை மறுநாள் காலையில டேமேஜர்கிட்ட வாயால சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சரி விடு. ரூட் காஸ்ல குரூப் கான்ஃபிகரேஷன் இஷ்யூன்னு போடு. பேரெல்லாம் வேணாம்"னார். என்னைக் காப்பாத்தறதா நினைச்சுத்தான் சொன்னார். நானும் காப்பாத்திக்கிட்டேன்.

தம்பி மேல தப்பு இல்லைன்னு ஆச்சு. ஆனா ஒருத்தரும் அதை அவன்கிட்ட சொல்லல. கான்ட்ராக்ட் கம்பெனி அவனை வேற இடத்துக்கு மாத்திடுச்சு. நம்பர் தேடிப் பிடிச்சு ஒரு வாரம் கழிச்சு போன் பண்ணினேன். விஷயத்தைச் சொல்லி மன்னிப்பு கேட்டேன். "பரவாயில்லண்ணா"ன்னான். கோவமே இல்ல. அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னான்: "இனிமே எது வந்தாலும் நான் யார்கிட்டயும் கேக்கமாட்டேண்ணா. மூடிட்டுப் போயிடுவேன்."

இப்ப யோசிச்சுப் பாருங்க. அளவுக்கு மேல திறந்த கதவுக்கு டிக்கெட்டே வராதுன்னு மேல சொன்னேன். அன்னைக்கு வந்துச்சு. அந்த டிக்கெட்டைப் போட்டது அந்தத் தம்பி. அவனை நாலு மணி நேரம் சோபாவுல உக்கார வச்சோம். பாத்துட்டு இருந்த மத்த பசங்க எல்லாரும் என்ன பாடம் கத்துக்கிட்டிருப்பாங்க?

என்னோட கருத்து இதுதான். குரூப் மெம்பர்ஷிப் செட்டிங்கை வேகத்துக்கான ஒரு திருகாணி மாதிரி பாக்கறோம். ஆழமாத் தேடினா லாகின் மெதுவாகும், குறைச்சா வேகமாகும்னு பேசறோம். அதுவும் உண்மைதான். ஆனா அது அதுக்கும் மேல. "யாரோ ஒருத்தர் எங்கேயோ ஒரு குரூப்பை இன்னொரு குரூப்புக்குள்ள போட்டா, அது என் கதவையும் திறக்கலாமா?"ங்கற கேள்விக்கான பதில் அது. அன்லிமிடெட்னு வச்சா, "யார் போட்டாலும் சரி, எனக்குச் சம்மதம்"னு வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுக்கறோம். அந்தக் கையெழுத்தைப் போட சர்வர் அட்மினுக்கு என்ன உரிமை? அந்தத் தகவல் யாரோடதோ அவங்கதானே போடணும்?

ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர்னு ரெண்டு பேர் 1975லயே ஒரு கட்டுரை எழுதினாங்க, கம்ப்யூட்டர்ல தகவலைப் பாதுகாக்கறதைப் பத்தி. அதுல சொன்ன கொள்கைகள்ல ஒண்ணு: யாருக்கு இல்லைன்னு பட்டியல் போடாதே, யாருக்கு உண்டுன்னு போடு. சொல்லாத வரைக்கும் கதவு மூடியே இருக்கட்டும். இன்னொண்ணு, வேலைக்குத் தேவையான அளவு அனுமதி மட்டும் குடு. இவ்வளவு காலம் கழிச்சும் நாம டீபால்ட்டை மாத்தக்கூட சோம்பேறித்தனப்படறோம்.

"அப்ப குரூப்புக்குள்ள குரூப்பே கூடாதா?"ன்னு சண்டைக்கு வர்றவங்களுக்கு: கூடாதுன்னு நான் சொல்லல. வேலையை வச்சு ஒரு குரூப், அதைக் கொண்டு போய் அனுமதிக்கான குரூப்புக்குள்ள வைக்கறதுங்கறது மைக்ரோசாஃப்டே பல வருஷமா சொல்ற முறை. அதுல படி எண்ணிக்கை தெரியும். எது எதுக்குள்ள இருக்குன்னு முன்கூட்டியே முடிவு பண்ணினது. என் சண்டை முடிவில்லாத படியோடதான்.

"ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் தனி குரூப்னா எண்ணிக்கை எகிறிடாதா?"ன்னு இன்னொரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. விண்டோஸ்ல ஒருத்தர் 1,015 குரூப்புக்கு மேல இருந்தா லாகினே தகராறு ஆகும். ஆனா அந்தக் கணக்குல நேரடி குரூப் மட்டும் இல்ல, சுத்தி வளைச்சு வந்து சேர்ற குரூப்பும் சேத்திதான். அதனால உள்ளுக்குள்ள ஒளிச்சு வச்சா எண்ணிக்கை குறையாது, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

2014க்கு அப்புறம் நான் கடைப்பிடிக்கறதைச் சொல்றேன். பெரிய ரகசியம் எல்லாம் இல்ல.

ஒண்ணு. சம்பளம், மதிப்பீடு, மருத்துவ விவரம் மாதிரி அப்ளிகேஷனுக்கு லிமிடெட், 0. உள்ள வரணும்னா பேர் நேரடியா அந்தக் குரூப்ல இருக்கணும். அந்தக் குரூப்புக்கு ஓனர் ஐடி டீம் இல்ல, அந்தத் துறையோட தலைவர். மத்த அப்ளிகேஷன்ல 1 இல்லைன்னா 2, ஏன் அந்த எண்ணுன்னு பக்கத்துலயே ஒரு வரி. என் சீனியர் எழுதாம விட்ட அந்த ஒரு வரி.

ரெண்டு. செட்டிங்கைத் தொடறதுக்கு முன்னாடி, மொத்தப் படியையும் பிரிச்சு ஆள் பட்டியல் எடுப்பேன். பவர்ஷெல்லில் குரூப் மெம்பர் கட்டளையோட ரிகர்சிவ்னு சேத்தா வந்துடும். எல்டாப்ல நேரடியாக் கேக்கறவங்களுக்கு 1.2.840.113556.1.4.1941னு ஒரு நீளமான எண் இருக்கு. அதை வடிகட்டியில போட்டா ஆக்டிவ் டைரக்டரியே சங்கிலி முழுக்கத் தேடித் தரும். இப்ப எத்தனை பேர், மாத்தினா எத்தனை பேர்? ரெண்டு பட்டியலையும் ஓனருக்கு அனுப்பி, "சரியா?"ன்னு கேப்பேன். அன்னைக்கு நான் இதைச் செஞ்சிருந்தா பத்து நிமிஷ வேலை. ஸ்கேன் பசங்க பேர் வரிசையா வந்து நின்னிருக்கும்.

மூணு. டெஸ்ட் பண்ணும்போது உள்ள வர வேண்டியவரை வச்சு மட்டும் டெஸ்ட் பண்ண மாட்டேன். வரக்கூடாத ஒருத்தரையும் கூப்பிட்டு லாகின் பண்ணச் சொல்லுவேன். "அனுமதி இல்லை"ன்னு வந்தாத்தான் வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். மேடம் உள்ள போனதும் நான் பஸ் ஏறினேன் பாருங்க, அது பாதி டெஸ்ட்.

நாலு. எடுக்கறதையும் கவனிக்கணும். குரூப்ல இருந்து ஒருத்தரை எடுத்துட்டா உடனே கதவு மூடிடும்னு நினைக்காதீங்க. வெப்லாஜிக் குரூப் விவரத்தைக் கொஞ்ச நேரம் கேஷ்ல வச்சிருக்கும். வேகத்துக்காக அதை மணிக்கணக்கா ஆக்கி வச்சவங்களும் இருக்காங்க. அது போக, ஏற்கெனவே லாகின் ஆனவர் லாகின் நேரத்துல வாங்கின குரூப்போடதான் உலாத்திட்டு இருப்பார், வெளிய போற வரைக்கும்.

ரேஷன் கார்டுல பாருங்க. பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சுன்னா அப்பா கார்டுல பேரை நீக்கி, சான்று வாங்கினாத்தான் புகுந்த வீட்டு கார்டுல சேக்க முடியும். சேக்கறதுக்கு நீக்கறது நிபந்தனை. நம்ம டைரக்டரியில சேக்க மட்டும்தான் ஆள் இருக்கு. டிபார்ட்மென்ட் மாறினவங்க பழைய குரூப்பையும் தூக்கிட்டே புது இடத்துக்குப் போறாங்க. பத்து வருஷம் ஒரே கம்பெனியில இருந்தவர் கையில எத்தனை சாவி இருக்கும்னு நினைக்கறீங்க?

அஞ்சாவது. இதுக்கு எந்தக் கன்சோல்லயும் செட்டிங் கிடையாது. "எனக்கு இது தெரியுதே, தெரியலாமா?"ன்னு ஒருத்தர் வந்து கேட்டா, அவருக்கு முதல்ல நன்றி சொல்லணும். அப்புறம் நம்ம செட்டிங்கைப் பாக்கணும். அதுக்கப்புறமும் கோணல் தெரிஞ்சா அவரை விசாரிங்க. வரிசை அப்படித்தான் இருக்கணும். லாக்ல "அனுமதி உண்டு"ன்னு இருக்கும்போது ஆளைத் திருடனாப் பாக்கறது, நாமளே கதவைத் திறந்து வச்சுட்டு உள்ள எட்டிப் பாத்தவரைப் பிடிச்சு உக்கார வைக்கற கதை. அதுவும் அவர் கான்ட்ராக்ட்னா, அதுவும் சின்னப் பையன்னா, நம்ம கை இன்னும் வேகமா நீளுது. அன்னைக்கு அதே லிங்க்கை ஒரு வைஸ் பிரசிடென்ட் தவறுதலாத் திறந்திருந்தா அவர் போனையா வாங்கிப் பாத்திருப்பாங்க?

இப்ப இருக்கற இடத்துல, என் டீம்ல அப்படி யாராவது வந்து சொன்னா டிக்கெட்ல "கண்டுபிடித்தவர்"னு அவங்க பேரைப் போடறேன். தப்பு என் செட்டிங்கால வந்திருந்தா என் பேரையும் போடறேன். முதல் தடவை போட்டப்ப கை கொஞ்சம் நடுங்குச்சு. ஆனா ஒண்ணும் ஆகல.

அந்தத் தம்பி இப்ப ஒரு பேங்க்ல நல்ல வேலையில இருக்கான்னு கேள்விப்பட்டேன். அங்க ஏதாவது கதவு தப்பாத் திறந்திருந்தா சொல்லுவானா, மூடிட்டுப் போயிடுவானான்னு அப்பப்ப நினைச்சுக்குவேன்.

நீங்க பாத்துக்கற சர்வர்ல அந்தச் செட்டிங் என்னன்னு திங்கக்கிழமை ஒரு தடவை திறந்து பாருங்க. அன்லிமிடெட்னு இருந்தா, யார் வச்சாங்கன்னு தேடாதீங்க. பட்டியலை எடுங்க.

பி.கு: "இவ்ளோ நேரம் கல்யாணப் பத்திரிகை பத்தியா பேசினீங்க?"ன்னு தங்கமணி எட்டிப் பாத்துட்டுக் கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். அதுல பொய் இல்ல :-)